தராசுக் கொடியைக் கடைசிவரை பிடித்தவர்

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனிச் சாலையில் கால் வைக்க இடம் இராது. ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டி வரும் வண்டிகள் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராகக் கடந்து குமுளி மலை ஏறும். கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையும் தலையில் இருமுடியுமாகச் சபரிமலைக்குச் செல்லும் அன்பர்கள் அவர்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை. 1950இல் அந்தக் கோயில் தீக்கிரையான பிறகு அங்கே புதிதாக வைக்கப்பட்ட ஐம்பொன் சிலையைத் தமிழ்நாட்டிலிருந்து அளிக்க முன்னின்றவர் யார் என்று அவர்களைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? அவர்கள் வண்டி நில்லாமல் ஓடிச் செல்கிறதே உத்தமபாளையம், அந்த ஊரில் பிறந்தவர் அவர், சென்னை மாகாணத்தின் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர், நீதிக் கட்சியின் கடைசித் தலைவர், தமிழவேள் பி. டி. இராசன்.

தோழர்களே! பனகல் அரசரை நாம் அறிவோம். தியாகராயரை, டாக்டர் நாயரை, நடேசனாரை அறிவோம். பெரியாரையும் அண்ணாவையும் நாம் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறியார். இராசன் பெயர் வந்தால் மட்டும் நம் மேடைகள் சற்றுத் தயங்கும். 1944இல் சேலத்தில் பாதை பிரிந்தபோது அந்தப் பக்கம் போனவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அந்த ஒரு வரி போதாது என்பது நம் எண்ணம். நம் இயக்கத்திற்கு அவர் வாழ்க்கையில் பாடங்கள் உண்டு. ஒரு பாடம் இனிக்கும்; மற்றொன்று கசக்கும்.

அவர் பிறந்தது 1892. முல்லையாறு தொட்டுச் செல்லும் மண்ணில், நிலமும் செல்வமும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாகும்போதுதான் மேற்கு மலையில் பெரியாறு அணை கட்டி முடிந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் சுரங்கம் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்தது. பஞ்சம் பார்த்த மண்ணில் இரு போகம் விளைந்தது. அந்தத் தண்ணீரைப் போலவே அவரும் மலையைக் கடந்தார், கடலையும் கடந்தார். கேம்பிரிட்ஜ் நகரின் லேய்ஸ் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரியிலும் பயின்றார். வரலாறும் சட்டமும் கற்று வழக்கறிஞராகத் திரும்பினார்.

அவர் திரும்பிய நாடு எப்படி இருந்தது? படித்த பதவிகள் எல்லாம் ஒரு சிறு கூட்டத்தின் கையில். கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்பாரில்லை. தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் எடுக்கவும் பிறப்பைக் கேட்டார்கள். இதைக் கண்டு கொதித்துத்தான் 1916இல் நம் முன்னோர் ஒரு சங்கம் கண்டனர். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பது அதன் பெயர். அது நடத்திய ஆங்கில ஏட்டின் பெயரால் மக்கள் அதை நீதிக் கட்சி என்று அழைத்தனர். பெயரைக் கவனியுங்கள், தோழர்களே. உரிமை என்ற சொல் கட்சியின் பெயரிலேயே இருந்தது. அதன் கொடியில் இருந்தது தராசு. யாருக்கும் தாழாமல், யாரையும் தாழ்த்தாமல் நிற்பது தராசு.

1920 முதல் 1937 வரை இராசன் சட்டசபையில் இருந்தார். அந்த ஆண்டுகள் சாதாரண ஆண்டுகளா? 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை. அதே ஆண்டு வகுப்புரிமை ஆணை. 1924இல் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானத்தின்படி பொதுச் சாலையும் பொதுக் கிணறும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியவை என்ற அரசாணை. கோயில் சொத்தைச் சட்டத்தின் கண்முன் நிறுத்திய அறநிலையச் சட்டம். இன்று நாம் மூச்சு விடுவதைப் போல இயல்பாக அனுபவிக்கும் உரிமைகள் பலவற்றுக்கு அன்று அந்த அவையில்தான் விதை ஊன்றப்பட்டது.

1930இல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் இராசன் அமைச்சரானார். வளர்ச்சித் துறை, பொதுப்பணி, பதிவு ஆகியவை அவர் பொறுப்பு. பிறகு பொப்பிலி அரசர் முதல்வரானபோதும் அமைச்சராகத் தொடர்ந்தார். 1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்டு 24 வரை, பொப்பிலி அரசருக்குப் பதிலாக, அவரே முதல்வர். ஐந்து மாதத்திற்கும் குறைவு. ஆனாலும் உத்தமபாளையத்துப் பிள்ளை ஒருவர் ஒரிசா எல்லையிலிருந்து நெல்லைச் சீமை வரை விரிந்த மாகாணத்தின் தலைமை இடத்தில் அமர்ந்தார் என்பது பள்ளத்தாக்கு மக்கள் மறக்கக் கூடாத செய்தி.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அமர்ந்தது முதல்வர் நாற்காலி. ஆட்சியோ இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம், கைத்தொழில் போன்ற துறைகளை அமைச்சர்களிடம் கொடுத்துவிட்டு, நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் ஆகியவற்றை வெள்ளைக்கார ஆளுநர் தம் பிடியில் வைத்துக்கொண்டார். பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்த மண்ணின் மகன் அமைச்சராக இருந்தார். அந்தத் தண்ணீர் அவர் அதிகாரத்தில் இல்லை! சாவி ஒருவரிடம், வீடு காக்கும் வேலை மற்றொருவரிடம். உரிமை என்ற பெயரோடு ஆட்சிக்கு வந்த கட்சிக்கு உரிமையில் பாதிதான் கிடைத்தது. மாநிலத்திற்கு அதிகாரம் வேண்டும் என்று நாம் இன்றும் கேட்கிறோமே, அந்தக் குரலின் வேர் அங்கே இருக்கிறது.

இனிக் கசக்கும் பாடத்திற்கு வருவோம்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் மாண்டனர். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அவர்கள் செய்த குற்றம் என்ன? குற்றப் பரம்பரை என்று பட்டியலில் பதிந்து கைரேகை வைக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். அந்த ரேகைச் சட்டம் கள்ளர் நாட்டையும் கம்பம் பள்ளத்தாக்கையும் ஆட்டிப் படைத்தது. பகலெல்லாம் ஏர் பிடித்தவன் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். அடுத்த ஊர்த் திருமணத்திற்குப் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். பிறக்கும்போதே குற்றவாளி என்று சட்டம் சொன்ன கொடுமை அது.

பெருங்காமநல்லூரில் இரத்தம் சிந்திய அதே 1920ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீதிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. போலீஸ் ஆளுநர் கையில் இருந்தது உண்மை. அமைச்சர்கள் நினைத்தாலும் ஒரே நாளில் அச்சட்டத்தை எடுத்தெறிய முடியாது என்பதும் உண்மை. ஆனால் உரிமை என்று பெயர் வைத்த கட்சி ஊர் ஊராகப் போய், இந்தச் சட்டம் ஒழியும் வரை உறங்க மாட்டோம் என்று முழங்கியிருந்தால் மதுரைச் சீமையின் வரலாறே வேறாக இருந்திருக்கும். அப்படி ஒரு முழக்கம் எழவில்லை. சட்டம் 1947 வரை இருந்தது. பதவியில் உரிமை கேட்ட கட்சிக்குப் பாதையில் நடக்கும் உரிமை இழந்தவனின் வேதனை முழுவதும் எட்டவில்லை. அந்த வேதனையைக் கையிலெடுத்தவர்கள் வேறு கொடிகளின் கீழ் நின்றார்கள்.

காரணம் என்ன? கட்சியின் தலைமையில் அரசர்களும் ஜமீன்தார்களும் பெருநிலக்காரர்களும் இருந்தார்கள். 1920 தேர்தலில் நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 12 லட்சம் பேருக்கே வாக்கு இருந்தது. சொத்து உள்ளவனுக்கே வாக்கு. ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் கூலிக்காரனுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவன் வீட்டுக்குத் தலைவர்கள் போகவில்லை. போகாத வீட்டில் விளக்கு ஏற்ற முடியுமா? 1937இல் விடை வந்தது. சட்டசபையின் 215 இடங்களில் நீதிக் கட்சிக்குக் கிடைத்தவை பதினெட்டு. பொப்பிலி அரசரே தோற்றார். மாளிகை சரிந்தது.

சரிந்த மாளிகையைத் தூக்கி நிறுத்த ஒருவர் வந்தார். 1938இல் இராசாசி ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. இளைஞர்கள் சிறைக் கோட்டம் நோக்கி நடந்தனர். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தனர். 1938 டிசம்பர் 29 அன்று நீதிக் கட்சி தன் தலைவராகப் பெரியாரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் சிறையில் இருந்தார். சீமான்களின் கட்சிக்குச் சிறையிலிருந்து ஒரு தலைவர்! அதன்பின் கட்சியின் பேச்சு மாறியது, நடை மாறியது, குறிக்கோளும் வளர்ந்தது. 1940இல் திருவாரூர் மாநாட்டில் திராவிட நாடு தனிநாடு என்ற தீர்மானம். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழுவைக் கண்டு தனிநாடு கேட்டபோது பெரியாரோடு சென்றவர்களில் ஒருவர் நம் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியனார்.

1944 ஆகஸ்டு 27, சேலம். அண்ணா கொண்டுவந்த தீர்மானம். கட்சியின் பெயர் இனித் திராவிடர் கழகம். வெள்ளையர் தந்த பட்டங்களை விடுக. கௌரவப் பதவிகளைத் துறக்க. பெயரின் வாலில் தொங்கும் சாதியை வெட்டுக. காளையர் ஆர்ப்பரித்தனர். கட்சி கோட்டையிலிருந்து குடிசைக்கு இறங்கிய நாள் அது.

இராசன் அந்தப் பாதையில் வரவில்லை. பழைய பெயரோடும் பழைய தராசுக் கொடியோடும் ஒரு சிறு அணி நின்றது. முதலில் இராமச்சந்திர ரெட்டியார் தலைமை. பிறகு இராசன் தலைமை. 1937இல் பெற்ற சர் பட்டத்தை விட மனமில்லாமல்தான் நின்றார் என்று சொல்வோர் உண்டு. அது மலிவான பேச்சு. அவர் கோயிலை நம்பியவர். திருப்பணியை அறப்பணி என்று கருதியவர். கடவுள் மறுப்பு ஓங்கிய பாசறையில் அவர் இருந்திருந்தால் ஒன்று வாயை மூடியிருக்க வேண்டும். அல்லது மனத்தை மூடியிருக்க வேண்டும். இரண்டையும் அவர் செய்யவில்லை. விலகி நின்றார். விலகி நின்றது அவர் உரிமை. அவருக்காக நம் பாதையை நிறுத்தாதது நம் உரிமை.

நின்ற இடத்தில் கூட்டம் இல்லை. 1952 பொதுத் தேர்தலில் அந்தச் சிறு கட்சி சட்டமன்றத்திற்கு ஒன்பது இடங்களில் போட்டியிட்டது. வென்றது ஒன்றே ஒன்று. அவர்தான் இராசன். ஒரு காலத்தில் மாகாணத்தையே ஆண்ட கட்சி, 375 பேர் கொண்ட அவையில் ஒரே ஓர் ஆளாக நின்றது! எண்ணிப் பாருங்கள். ஆளும் கட்சியாகக் காங்கிரசு அவரை வரவேற்றிருக்காதா? போக வழி இருந்தது. பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் பலர் அந்த வழியே போனார்கள். இவர் அந்த ஒற்றை நாற்காலியில் தராசுக் கொடியின் ஆளாகவே அமர்ந்தார். அதன்பின் கட்சி தேர்தலைச் சந்திக்கவில்லை. 1957 வரை அவர் அதன் தலைவராக இருந்தார்.

அதற்குள் அந்தக் கட்சி நின்ற தரையே துண்டாகிவிட்டது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. தெலுங்கரும் தமிழரும் மலையாளியரும் கன்னடரும் ஒரே அவையில் அமர்ந்த சென்னை மாகாணம் மறைந்தது. அந்த மாகாணத்திற்காகப் பிறந்த கட்சிக்கு இனி வீடு ஏது? கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்த நாள் வேறொரு காயத்தையும் தந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று தமிழர் கேட்டனர். அவை கேரளத்தில் நின்றன. நம் தொழிலாளி விடியலில் ஏறிச் சென்று ஏலக்காய் பறிக்கும் மலைக்கு இடையே மாநில எல்லை ஓடியது, இன்றும் ஓடுகிறது.

சிறு கட்சிகளின் கதை இதோடு முடியவில்லை. தனித் தமிழ்நாடு கேட்டு ஆதித்தனார் 1958இல் நாம் தமிழர் இயக்கம் கண்டார். 1967இல் அது தி.மு.கழகத்தில் கலந்தது. 1961இல் கழகத்திலிருந்து பிரிந்த ஈ.வெ.கி. சம்பத் தமிழ்த் தேசியக் கட்சி கண்டார். விரும்பினால் பிரிந்து செல்லும் உரிமையோடு கூடிய தமிழகம் என்பது அதன் முழக்கம். மூன்றே ஆண்டில், 1964இல், அது காங்கிரசில் கரைந்தது. 1963இல் பிரிவினை பேசுவதைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, தி.மு.கழகமே திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு மாநில உரிமை என்ற பாதையில் நடந்தது. கலந்தவை உண்டு, கரைந்தவை உண்டு. கலக்கவும் செய்யாமல், கரையவும் செய்யாமல், தன் தலைவரோடு முதுமை அடைந்தது இராசன் காத்த கட்சி ஒன்றே.

அந்த 1963இல் இராசன் என்ன செய்துகொண்டிருந்தார்? மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைமை ஏற்றுக் குடமுழுக்கு நடத்திக்கொண்டிருந்தார். 1968இல் நீதிக் கட்சிக்குப் பொன்விழா எடுத்து, அதன் வரலாற்றை மலராகத் தொகுத்துத் தந்தார். தேர்தல் இல்லை, பதவி இல்லை, வரிசையில் நிற்கத் தொண்டர் இல்லை. இருந்தும் நன்றி மறக்காத ஒரு முதியவர் தியாகராயர் பெயரையும் நாயர் பெயரையும் பனகல் பெயரையும் அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ஆட்சியில் இருந்தது யார்? அவர் பிரிந்து சென்ற பாசறையிலிருந்து புறப்பட்ட அண்ணா. கிளை பிரிந்தாலும் வேர் ஒன்றுதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

1974இல் அவர் மறைந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. பாதி அதிகாரத்தோடு அமைச்சரானவர், முழு அதிகாரம் கேட்கும் தீர்மானத்தைக் கண்டபின் கண் மூடினார். அவர் மகன் பழனிவேல்ராசன் கழகத்தின் சார்பில் வென்று 1996இல் சட்டப் பேரவைத் தலைவரானார். பேரன் 2021இல் தமிழ்நாட்டின் நிதியமைச்சரானார். இரட்டை ஆட்சியில் தாத்தாவுக்கு எட்டாமல் இருந்த துறைகளில் ஒன்று நிதி!

இனி, தோழர்களே, நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

உரிமை என்பது ஒரு மாடி வீடு அன்று. மூன்று மாடி வீடு. மேல்மாடியில் நாட்டின் உரிமை, மாநிலத்தின் உரிமை. அதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேச வேண்டும். நடுமாடியில் தனி மனிதனின் மனச்சாட்சி. கட்சிக்குள் ஒரு தோழர் வேறு கருத்துச் சொன்னால் அவரைத் துரோகி என்று கூவுவது எளிது. இராசன் போனார், மாற்றானோடு சேர்ந்து நம்மைச் சுட்டுத் தள்ளவில்லை, நம் முன்னோரின் புகழையும் விற்கவில்லை. கிளைக் கழகக் கூட்டத்தில் ஒற்றைக் கையாக உயரும் கையை முறிக்காதீர்கள். அந்தக் கையும் ஒரு நாள் நம் வரலாற்றை எழுதி வைக்கும்.

கீழ்மாடியில் இருப்பவன் சாமானியன். மேலிரண்டு மாடியும் நிற்பது அவன் தோளில். இராசனின் கட்சி நடுமாடியை அழகாகக் கட்டியது. கீழ்த்தளத்தில் ரேகை வைத்துக்கொண்டிருந்தவனை மறந்தது. ஆகவே ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கியது. நாம் அதைச் சொல்லி நகைத்துவிட்டுப் போனால் பாடம் வீணாகிவிடும். இன்று நம் கொடி பறக்கும் ஊரில் எவன் வீட்டுக்கு நாம் போகவில்லை? மலையேறும் பெண் தொழிலாளி ஜீப்பின் பின்புறம் நெருக்கி நின்று பயணம் செய்கிறாளே, அவள் குறையை எந்தக் கூட்டத்தில் பேசினோம்? இன்றைய கைரேகை எது, அதை வைக்கச் சொல்லி நிற்பது யார் என்று ஒவ்வொரு கிளையும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த முறை உத்தமபாளையம் வழியே போகும்போது ஒரு கணம் நில்லுங்கள். அந்த ஊர் தந்த மனிதருக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு பக்கத்துத் தெருவுக்கு நடந்து செல்லுங்கள். அங்கே நாம் இதுவரை தட்டாத கதவுகள் இருக்கின்றன.